முதல் செயற்கைக் காலுக்குக் காப்புறுதி தராதாம். ஆறு இலட்சத்துக்கு முற்பணம் கட்டலாமா?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:

வணக்கம். வயது 47. பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். சீனி வருத்தம் நெடுங்காலமாக இருக்கிறது. கிடங்கில் ஆணி ஒன்று சப்பாத்தைத் துளைத்து ஏறியதில் வந்த சின்னப் புண். கால் மரத்துப்போயிருந்ததால் வலியே தெரியவில்லை, இரவு சொக்ஸைக் கழற்றும்போதுதான் இரத்தத்தைக் கண்டேன். அது சீழ் பிடித்து மேலே ஏறி, கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது காயம் ஆறிவிட்டது. காலுக்கு அளவெடுக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஊன்றுகோலோடு ஏறி இறங்குவதை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

கடையில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழுக் காப்புறுதி இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவை எல்லை வரைக்கும் தந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு காலுக்கு ஒரு தனியார் இடத்தில் விலை கேட்டேன். கார்பன் பாதம், சிலிக்கன் லைனர் (உள்ளுறை), சொக்கெட் (மிச்சக் கால் நுழையும் கூடு) எல்லாம் சேர்த்து ஆறு இலட்சத்து நாற்பதாயிரம். பாதியை முதலில் கட்ட வேண்டும். அந்தக் கொட்டேஷனை அனுப்பினோம். ஒரே ஒரு பந்தியில் பதில் வந்தது: செயற்கை உறுப்புகள், ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவை பொலிசியில் விலக்கப்பட்டவை.

எனக்கு விளங்காதது இதுதான். எங்கள் ஸ்டோர் கீப்பருக்குப் போன வருஷம் முழங்கால் மாற்றினார்கள். அதே பொலிசி, அதே கம்பனி. அந்த முழங்காலுக்குக் காசு கொடுத்தார்கள். அதுவும் செயற்கை உறுப்புத்தானே? உள்ளே வைத்தால் உண்டு, வெளியே மாட்டினால் இல்லையா?

என்னிடம் தனியாக ஒரு ஆயுள் காப்புறுதியும் இருக்கிறது, விபத்துக்கான மேலதிகப் பாதுகாப்போடு. அதில் ஏதாவது வருமா? மனைவி அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை. நகையை அடகு வைத்து முற்பணத்தைக் கட்டுவோம் என்கிறாள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோக்காரன்:

அண்ணா, வாசிக்கவே கவலையாக இருக்கிறது. இங்கே ஒன்ராறியோவில் செயற்கைக் கால் செலவில் 75 சதவீதத்தை மாகாண அரசாங்கத்தின் உதவிக் கருவித் திட்டம் கொடுக்கும். மிச்சத்துக்கு வார் ஆம்ப்ஸ் என்ற அமைப்பிடமும் உதவி கேட்கலாம். அங்கேயும் அப்படி ஏதாவது இருக்க வேண்டுமே?

கிளெய்ம் அக்கா:

ஸ்காபரோத் தம்பி, நல்ல விஷயம்தான். ஆனால் அவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், கொட்டாஞ்சேனைக் கணக்கைப் பார்ப்போம்.

கணக்கர் ஐயா, நான் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளெய்ம் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். உங்களுக்கு வந்த மாதிரிக் கடிதங்களை நானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன், அதனால் அந்த ஒற்றைப் பந்திக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியும்.

முழங்கால் விஷயம். ஆஸ்பத்திரிக் காப்புறுதி என்பது ஆஸ்பத்திரி பில்லுக்கான காப்புறுதி. ஸ்டோர் கீப்பரின் முழங்கால் சத்திரசிகிச்சை அறைக்குள் வைத்து, உடம்புக்குள்ளே பூட்டி, அதே பில்லில் வந்தது. உங்கள் கால் வீட்டுக்கு வந்து பல வாரங்கள் கழித்து, வேறொரு இடத்தில் செய்து, வேறொரு பில்லில் வருகிறது. பொலிசி எழுதுகிறவர்கள் அதைக் கண்ணாடியோடும் காது மெஷினோடும் ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். கால் இல்லாதவனுக்குக் காலும், பேப்பர் வாசிக்கிறவனுக்குக் கண்ணாடியும் ஒன்றா என்று கேட்டால், அநியாயம்தான். ஆனால் அது எழுத்தில் இருக்கிற அநியாயம். நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம்கூட இல்லை அது, உங்கள் முதலாளி போட்டது.

அங்கேதான் பிடி இருக்கிறது. குழுப் பொலிசியில் ஊழியரின் கையில் இருப்பது ஒரு அட்டையும் சின்னப் புத்தகமும்தான். முழுப் பொலிசியும் அதன் அட்டவணையும், பின்னால் சேர்த்த திருத்தங்களும் முதலாளியிடம் இருக்கும். சில கம்பனிகள் கொஞ்சம் கூடுதல் கட்டுப்பணம் கட்டி, மருத்துவ உபகரணங்களுக்கு ஒரு தனித் தொகை சேர்த்திருப்பார்கள். அது புத்தகத்தில் அச்சாகியிருக்காது. ஆகவே முதலில் முழுப் பொலிசியையும் கேட்டு வாங்கி வாசியுங்கள். கடிதத்தில் விலக்கின் வாசக இலக்கம் போடாவிட்டால், எந்த வாசகம் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்கவே வேண்டாம்.

பொலிசியில் உண்மையிலேயே இல்லை என்றால் இன்னொரு வழி, கருணைக் கொடுப்பனவு. சட்டப்படி கடமை இல்லாவிட்டாலும் நல்ல வாடிக்கையாளருக்காகக் கம்பனி கொடுப்பது. அதை நீங்கள் கேட்டால் ஒரு மரியாதையான மறுப்பு வரும். வருஷா வருஷம் கட்டுப்பணம் கட்டுகிற முதலாளி, பொலிசி புதுப்பிக்கும் மாதத்தில் கேட்டால் மேலே வரைக்கும் போகும். கேட்டாலே கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் கேட்கிறார் என்பதில் நிறைய இருக்கிறது.

காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகச் சொல்லி யாராவது எழுதுவார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். முறையிடுகிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. முதலில் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்டு, அவர்களின் பதிலோடு போக வேண்டும். அதற்கு மேலே, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும், காப்புறுதித் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கொழும்பு 1இல் உலக வர்த்தக மையத்தில் இருக்கிறது. ஆனால் விலக்கு தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அங்கே போயும் பெரிதாக ஒன்றும் நடக்காது. வாசகம் இரண்டு விதமாக வாசிக்கக்கூடியதாக இருந்தால் மட்டும் அலையுங்கள்.

மனைவி அரச ஊழியர் என்றீர்கள். அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியில் வாழ்க்கைத் துணையும் அடக்கம். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது. பாடசாலை அலுவலகத்தில் நடைமுறையில் இருக்கும் நன்மைப் பட்டியலைக் கேட்டு, உங்கள் ஆஸ்பத்திரி பில்லில் குழுக் காப்புறுதி கொடுக்காமல் விட்ட பகுதிக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். கால் கிடைக்காவிட்டாலும் அதுவாவது மிஞ்சலாம்.

இனி முக்கியமான விஷயம். முதல் பந்தியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: கிடங்கில் ஆணி ஏறியது. எந்தக் கிடங்கு? கடையின் கிடங்கா? வேலை நேரமா?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:

ஆம் அக்கா, கடையின் கிடங்குதான். ஸ்டொக் எண்ணப் போனேன். ஆனால் டொக்டர்மார் எல்லாரும் சீனியால்தான் கால் போனது என்கிறார்கள்.

கிளெய்ம் அக்கா:

அவர்கள் சொல்வது மருத்துவம். நான் கேட்பது வேறு.

உங்கள் ஆயுள் காப்புறுதியின் விபத்துப் பாதுகாப்பை எடுத்தால், அநேகமான பொலிசிகளில் "வேறெந்தக் காரணமும் சேராமல், வெளியிலிருந்து வந்த விபத்தினால் மட்டும்" என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். அந்த "மட்டும்" உங்களுக்கு எதிரி. சீனி சேர்ந்துவிட்டது என்பார்கள். நிரந்தர முழு அங்கவீனம் என்ற பகுதியும் பெரும்பாலும் இரண்டு கை, இரண்டு கால், அல்லது ஒரு காலும் ஒரு கண்ணும் என்றுதான் இருக்கும். விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

வேலைத்தளத்தில் நடந்த காயம் என்றால் அது தனிக் கதை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலை காரணமாக வந்த காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். எந்த உறுப்பு எந்த இடத்தில் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் இழப்பு என்று அதில் அட்டவணையே இருக்கிறது. அது பணமாக வரும். காலுக்குச் செலவழித்தாயா, கடனுக்குச் செலவழித்தாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை. சீனி இருந்ததைக் காட்டி எதிர்ப்பார்கள், அது நிச்சயம். ஆனால் ஆணி ஏறியிராவிட்டால் அந்தப் புண்ணே வந்திராது என்பது உங்கள் பக்கத்து வாதம், அதற்கு வலு இருக்கிறது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் இருக்கிறார், அவரிடம் போகலாம். தள்ளிப்போடாதீர்கள்.

அதற்கு வேண்டியது எழுத்து. ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்டில் "டயபெட்டிக் ஃபுட்" (சீனியால் வந்த பாத நோய்) என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஆனால் வார்டில் கட்டிலோடு இருந்த பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் வார்டுக் குறிப்பேடு), முதல் நாள் உங்களிடம் கேட்டு எழுதிய குறிப்பு இருக்கும். எப்படி ஆரம்பித்தது என்ற கேள்விக்கு நீங்கள் ஆணி என்று சொல்லியிருந்தால் அது அங்கே பதிவாகியிருக்கும். அதன் பிரதியை ஆஸ்பத்திரியில் எழுதிக் கேளுங்கள். முதலில் காட்டிய டொக்டரின் சீட்டு, ஏற்பு வராமல் இருக்க ஏ.டி.எஸ். ஊசி போட்ட துண்டு, எது இருந்தாலும் எறியாதீர்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:

முதலாளிக்கு எதிராக நான் எப்படிப் போவது? கால் எடுத்த நாளிலிருந்து சம்பளம் குறையாமல் வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்.

கிளெய்ம் அக்கா:

நல்ல மனுஷர். அதனால்தான் அவரிடமே போய்க் கதைக்கச் சொல்கிறேன். இரும்புச் சாமான் ஏற்றி இறக்குகிற கடைக்கு அநேகமாகத் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி ஒன்று எடுத்திருப்பார்கள், அது ஆஸ்பத்திரிக் காப்புறுதி இல்லை, வேறு பொலிசி. அது இருந்தால் கொடுக்கப்போவது அவர் இல்லை, காப்புறுதிக் கம்பனி. இத்தனை வருஷம் கட்டுப்பணம் கட்டியது இதற்குத்தானே. "முதலாளி, எங்களுக்கு அந்தக் காப்புறுதி இருக்கிறதா?" என்று கணக்கராக நீங்களே கேட்கலாம். கட்டுப்பணம் கட்டிய வவுச்சர் உங்கள் லெட்ஜரிலேயே கிடக்கலாம், போய்ப் பாருங்கள்.

வத்தளைக்காரன்:

அக்கா பணம் வருகிற வழியைச் சொன்னார். நான் பணம் போகிற வழியைச் சொல்கிறேன். எனக்கும் முழங்காலுக்குக் கீழேதான், இடது பக்கம், மோட்டார் சைக்கிள் விபத்து. பல வருஷமாயிற்று.

அண்ணா, அந்த முற்பணத்தை இப்போது கட்டாதீர்கள்.

ஏனென்றால் உங்கள் மிச்சக் கால் இன்னும் அதன் உருவத்துக்கு வரவில்லை. முதல் வருஷம் அது வற்றிக்கொண்டே போகும். வீக்கம் குறையும், தசை மெலியும். இன்று அச்சாகப் பொருந்துகிற சொக்கெட், சில மாதத்தில் கடகடவென்று ஆடும். அப்போது காலுறைக்கு மேல் காலுறை போட்டு இடைவெளியை நிரப்புவீர்கள். காலையில் ஒன்று போதும், பின்னேரம் மூன்று வேண்டும். அப்புறம் காலுறையாலும் சமாளிக்க முடியாமல் போய், புதுச் சொக்கெட் செய்ய வேண்டி வரும். எல்லாருக்கும் இப்படித்தான், உங்கள் காலைச் செய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். முதல் காலில் ஆறு இலட்சத்தைப் போட்டால், வருஷம் முடியும் முன் திரும்பவும் பை திறக்க வேண்டும். 2022இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிப் பாகங்கள் விற்கிற விலையில் இரண்டு தடவை திறக்க யாரால் முடியும்?

கொழும்பு 2, சேர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தையில் ஃபிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி இருக்கிறது. 1831இல் தொடங்கிய பழைய தர்ம ஸ்தாபனம். 1985இலிருந்து ஜெய்ப்பூர் கால் செய்கிறார்கள். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவும் செய்து கொடுக்கிறார்கள். தர்மக் கால் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அந்தக் காலில்தான் நான் நடக்கப் பழகினேன், மழைக்குள் பஸ் ஏறினேன், கப்பித்தாவத்தைக் கோயிலைச் சுற்றினேன்.

கோயில் என்றதும் ஒன்று. ஜெய்ப்பூர் பாதம் 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கிற, நிலத்தில் குந்துகிற நம்மைப் போன்ற ஆட்களை நினைத்துச் செய்தது. கார்பன் பாதம் சப்பாத்துக் குதியின் உயரத்தைக் கணக்கில் வைத்து நிறுத்தப்படுகிறது. சப்பாத்தைக் கழற்றினால் பின்னுக்குச் சாய்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்குள் நாம் சப்பாத்தோடு நடக்கிறோமா? இதைக் கொட்டேஷன் தருகிறவர் உங்களுக்குச் சொன்னாரா?

கார்பன் கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது எனக்கு இருப்பது கார்பன்தான், நீண்ட தூரம் நடக்க அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அது இரண்டாவது காலுக்கு.

ராகமவில் படித்தவள்:

நான் செயற்கை உறுப்புத் துறையில் வேலை செய்கிறேன். வத்தளை அண்ணா சொன்னது சரி, ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். சொக்கெட் வேறு, பாதம் வேறு. குழாயும் இணைப்பும் வைத்துப் பூட்டுகிற வகைக் காலில், சொக்கெட் மாற்றும்போது பழைய பாதத்தைக் கழற்றிப் புதியதில் பூட்டலாம். ஆகவே எங்கே செய்தாலும் "சொக்கெட் மாற்றினால் இந்தப் பாதத்தை அப்படியே பயன்படுத்தலாமா, புதுச் சொக்கெட்டுக்கு மட்டும் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கொட்டேஷனையும் பாதம், லைனர், சொக்கெட், வேலைக்கூலி என்று பிரித்துக் கேளுங்கள். ஒரே தொகையாகத் தருகிற இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. காப்புறுதிக்கு அனுப்பவும் பிரித்த கொட்டேஷன்தான் நல்லது, ஏதாவது ஒரு வரியையாவது ஏற்றுக்கொள்ள இடம் இருக்கும்.

கார்பன் பாதம் உங்கள் உடல் எடைக்கு ஏற்பத் தெரிவு செய்யப்படுவது. ஆஸ்பத்திரியில் மெலிந்திருந்த எடைக்கு வாங்கிவிட்டு, பிறகு வீட்டுச் சாப்பாட்டில் உடம்பு வந்தால் அது பொருந்தாது.

படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் மடங்கியபடி இறுகிவிட்டால், எத்தனை இலட்சத்துக் கால் போட்டாலும் நேராக நிற்க முடியாது. மிச்சக் காலின் வீக்கம் குறையத் தந்த இறுக்கமான உறையைச் சொன்னபடி போடுங்கள். சீனி உள்ளவருக்கு மற்றப் பாதமும் ஆபத்தில்தான் இருக்கிறது, ஒவ்வொரு இரவும் கண்ணாடி பிடித்து அடிப்பாதத்தைப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:

எல்லாருக்கும் நன்றி. கடையில் நடந்ததை எழுதுகிறேன்.

முதலாளியோடு கதைத்தேன். தொழிலாளர் நட்டஈட்டுப் பொலிசி இருக்கிறது, அக்கா சொன்னபடி லெட்ஜரில் வருஷா வருஷம் பதிந்ததே நான்தான், ஏதோ சுமை தூக்கும் நாட்டாமைமாருக்கான காப்புறுதி என்ற நினைப்பில். முதலாளிக்குக் கோபம் ஒன்றும் இல்லை. "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று எனக்குத்தான் ஏச்சு. அறிவித்தல் கடிதத்தை அவரே கையொப்பமிட்டு அனுப்பினார். முழங்கால் மாற்றிய அதே ஸ்டோர் கீப்பர், அன்று ஆணியைப் பிடுங்கி டெட்டோல் ஊற்றியதாக எழுதிக் கொடுத்தார். பெட் ஹெட் டிக்கெட் பிரதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். குழுப் பொலிசியில் காலுக்கு இடமே இல்லை, முழுவதும் வாசித்துவிட்டேன். அடுத்த புதுப்பித்தலில் உபகரணங்களுக்கும் ஒரு தொகை சேர்க்க எவ்வளவு கூடும் என்று முதலாளி கேட்டிருக்கிறார். நகை அலுமாரியில்தான் இருக்கிறது.

ஃபிரெண்ட்-இன்-நீட்டுக்குப் போன் எடுத்தேன். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்?

கிளெய்ம் அக்கா:

கடிதத்தின் பிரதியில் கம்பனியின் முத்திரையும் திகதியும் வாங்கினீர்களா? இல்லாவிட்டால் இன்றே ஆளை அனுப்புங்கள். கிடைத்ததற்கு அத்தாட்சி இல்லாத கடிதம் எங்கள் மேசையில் எப்படிக் காணாமல் போகும் என்று எனக்குத் தெரியும். நட்டஈட்டுக்கு முழுத் தீர்வு என்று எதையாவது கையொப்பமிடச் சொன்னால், தொகையைச் சட்டத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பேனையைத் தொடாதீர்கள்.

வத்தளைக்காரன்:

அடையாள அட்டை, டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி. வருமான விவரம் கேட்டால் காட்ட ஏதாவது. தொளதொளப்பான கட்டைக் காற்சட்டை உடுத்துப் போங்கள், நீளக் காற்சட்டையோடு போய் அளவெடுக்கும் இடத்தில் சங்கடப்பட வேண்டாம். இடது காலுக்குப் போடுகிற சப்பாத்தின் வலது சோடியையும் பையில் போடுங்கள், பாத அளவுக்கு அது வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் என்றால் நகர மண்டபத்துப் பக்கம் ஓட்டோ பிடிப்பது பெரும்பாடு.